ராப்பா நூயியின் மோவாய் சிலைகள்: எப்படி நகர்ந்தன, யார் கவிழ்த்தார்கள்?

இளவேனில்

இந்த இழையைத் தொடங்கக் காரணம் என் மகள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஈஸ்டர் தீவுச் சிலைகளைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசவேண்டுமாம். தமிழில் தேடிப் பார்த்தோம். பாதிக் காணொளிகள் வேற்றுக்கிரகத்தார் வந்து வைத்துவிட்டுப் போனதாகச் சொல்கின்றன. மீதிப் பாதி, அந்த மக்கள் சிலை செய்யும் வெறியில் தீவிலிருந்த மரங்களையெல்லாம் வெட்டித் தீர்த்துப் பட்டினியில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அழிந்துபோனார்கள் என்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, எல்லாரும் அழிந்துபோனார்கள் என்றால் இப்போது அந்தத் தீவில் இருப்பது யார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவு பெரிய கல்லை எப்படி நகர்த்தினார்கள், ஏன் எல்லாம் விழுந்துகிடந்தன, இதெல்லாம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

கயல்வேந்தன்

அங்கே இருப்பவர்கள் ராப்பா நூயி மக்கள். சிலைகளைச் செதுக்கியவர்களின் பேரன் பேத்திகள் வழி வந்தவர்கள். தீவுக்கும் அதுவே பெயர், மொழிக்கும் அதுவே பெயர். ஈஸ்டர் தீவு என்பது 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று அங்கே வந்து சேர்ந்த யாக்கோப் ரோக்கவேன் என்ற டச்சுக்காரர் வைத்தது. 1888இல் சிலி நாடு தன்னோடு சேர்த்துக்கொண்டது. பசிபிக் கடலில், சிலிக் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு மேல். மேற்கே மனிதர் வாழும் அடுத்த தீவான பிட்கேர்ன் 2,000 கிலோமீட்டர். தீவின் பரப்பு ஏறத்தாழ 164 சதுர கிலோமீட்டர், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே நாளில் நடந்துவிடலாம். இந்தச் சின்ன இடத்தில் 900க்கும் மேற்பட்ட சிலைகள்.

சிலைக்கு அவர்கள் மொழியில் மோவாய் என்று பெயர். அது நிற்கும் கல்மேடை ஆகு. ஒவ்வொரு மேடையும் ஒரு குலத்துக்கு உரியது, சிலைகள் அந்தக் குலத்தின் முன்னோர்கள். அதனால்தான் பெரும்பாலும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நிற்கின்றன. வழிவந்தவர்களைக் கண்காணிக்கும் தாத்தாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகு அகிவி என்ற உள்நாட்டு மேடையில் இருக்கும் ஏழு சிலைகள் மட்டும் கடல் இருக்கும் திசையைப் பார்க்கின்றன, ஆனால் அவற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஊர் இருந்தது.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். படங்களில் பார்ப்பது வெறும் தலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். மலைச்சரிவில் மண் சரிந்து சரிந்து கழுத்துவரை மூடிவிட்டது, அவ்வளவுதான். தோண்டினால் உடம்பு, கை, வயிற்றின்மேல் மடங்கிய நீண்ட விரல்கள் எல்லாம் இருக்கின்றன.

உளிச்சத்தம்

நான் மாமல்லபுரத்தில் கல்வேலை செய்பவன். நேரில் போனதில்லை, ஆனால் இந்தச் சிலைகளின் படங்களைப் பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், அதனால் வேலை நடந்த விதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பெரும்பாலான சிலைகள் ரானோ ராராக்கு என்ற ஒரே எரிமலையில் செதுக்கப்பட்டவை. அந்தக் கல் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானது. நம் கருங்கல்லோடு ஒப்பிட்டால் மெத்து. இரும்பு உளி அவர்களிடம் கிடையாது. தோக்கி என்று பெயர் கொண்ட கடினமான எரிமலைக் கல்லையே கையில் பிடித்துக் கொத்தியிருக்கிறார்கள். மெத்தான கல் என்றால் சுலபம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சாம்பல் கல்லுக்கு நடுநடுவே கெட்டியான கல்துண்டுகள் பதிந்திருக்கும். மூக்கு வரும் இடத்தில் அப்படி ஒரு துண்டு அகப்பட்டால் அதுவரை செய்த வேலை வீண். குவாரியில் கைவிடப்பட்டுக் கிடக்கும் சிலைகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

வேலை நடந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. சிலை பாறையிலேயே மல்லாந்து படுத்திருக்கும். முகம், நெஞ்சு, கைகள் எல்லாவற்றையும் படுத்த நிலையிலேயே முடிப்பார்கள். முதுகுப் பக்கம் மட்டும் படகின் அடிக்கட்டை மாதிரி ஒரு மெல்லிய கல்முதுகு பாறையோடு ஒட்டியிருக்கும். கடைசியில் அதையும் கொத்தி விடுவித்துக் கயிறு கட்டிச் சரிவில் கீழே இறக்கி, அங்கே தோண்டிய குழியில் நிமிர்த்தி நிற்கவைத்து, அப்புறம்தான் முதுகை முடிப்பார்கள். நிற்கும் சிலைக்குத்தான் முதுகை ஒழுங்காகப் பார்க்க முடியும், அனுபவம் உள்ளவன் அப்படித்தான் செய்வான்.

ஏறத்தாழ 400 சிலைகள் இன்னும் அந்த மலையிலேயே இருக்கின்றன. அதில் ஒன்று 21 மீட்டர் நீளம், ஏழு மாடி உயரம். பாறையிலிருந்து விடுபடாமலே கிடக்கிறது.

தேரடித்தெரு

சரி, இறக்கியாயிற்று. அங்கிருந்து கடலோர மேடைக்கு எப்படி? சராசரிச் சிலையே நாலு மீட்டர் உயரம், பன்னிரண்டு டன்னுக்கு மேல் என்கிறார்கள். உருளைக் கட்டை போட்டு உருட்டினார்கள், அதற்காகத்தான் மரத்தை வெட்டினார்கள் என்று படித்தேன்.

கயல்வேந்தன்

அது ஓர் ஊகம், பல காலம் ஓடியது. தீவு மக்களைக் கேட்டால் வேறு பதில் சொல்வார்கள்: சிலைகள் நடந்து போயின. பெரியவர்களின் மனா, அதாவது அவர்களிடமிருந்த ஆற்றல், நடக்கவைத்தது. 1914இல் தீவுக்கு வந்து ஒன்றரை வருடம் போல் தங்கிய கேத்தரின் ரௌட்லெட்ஜ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கேட்டு எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. குவாரியில் சிற்பிகளுக்குச் சமைத்துப்போட்ட கிழவி ஒருத்தி இருந்தாள், அவளுடைய மந்திரத்தில்தான் சிலைகள் நடந்தன. ஒருநாள் பெரிய சிங்கி இறால் ஒன்றைப் பிடித்து, அவளுக்குப் பங்கு வைக்காமல் எல்லாரும் தின்றுவிட்டார்கள். வந்து பார்த்த கிழவி கோபத்தில் சபித்தாள். நடந்துகொண்டிருந்த சிலைகளெல்லாம் விழுந்தன, வேலை அன்றோடு நின்றது.

பல காலம் இதைக் கட்டுக்கதை என்றே ஆராய்ச்சியாளர்கள் ஒதுக்கிவைத்தார்கள். 1986இல் செக் நாட்டுப் பொறியாளர் பாவெல் பாவெல், தீவிலேயே ஓர் உண்மைச் சிலையை நிற்கவைத்தபடி கயிற்றால் ஆட்டி ஆட்டி நகர்த்திக் காட்டினார். சிலையின் அடிப்பாகம் தேய்ந்ததால் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் டெர்ரி ஹண்ட், கார்ல் லிப்போ என்ற இரண்டு தொல்லியலாளர்கள் ஹவாயில் 4.35 டன் எடையில் ஒரு நகல் சிலை செய்து சோதித்தார்கள். இடப்பக்கம் ஒரு கயிறு, வலப்பக்கம் ஒரு கயிறு, முன்னால் குப்புற விழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு. மொத்தம் 18 பேர். 40 நிமிடத்தில் 100 மீட்டர் நடந்தது.

இளவேனில்

பீரோவை நகர்த்துகிற மாதிரி! வீடு மாறும்போது நாங்கள் இரண்டு பேர் ஒரு மூலையைத் தூக்கித் திருப்பி, அப்புறம் மறு மூலையைத் தூக்கித் திருப்பி, அப்படியே அறைக்கு அறை கொண்டுபோனோம். மகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

கயல்வேந்தன்

அதேதான். அதற்கு வசதியாகவே அந்தச் சிலைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் எனக்கு வியப்பு. குவாரியிலிருந்து கிளம்பிய பழைய பாதைகளின் ஓரம் அறுபதுக்கு மேற்பட்ட சிலைகள் விழுந்துகிடக்கின்றன, வழியில் போனவை. அவற்றின் அடிப்பாகம் அகலம், அடியின் முன்விளிம்பு வளைவு, உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும். மேடையில் அப்படி நிறுத்தினால் குப்புற விழும். ஆனால் ஆட்டி நடத்துவதற்கு அந்தச் சாய்வு தேவை. மேடைக்கு வந்து சேர்ந்தபின் அடியைச் செதுக்கி நேராக்கியிருக்கிறார்கள். பாதைகளும் நடுவில் குழிந்து இருபக்கம் உயர்ந்து, ஆடும் சிலை பக்கவாட்டில் சாயாதபடி அமைந்திருக்கின்றன.

தேரடித்தெரு

எங்கள் தெருவில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். தேரை இழுப்பது ஆயிரம் பேர் என்றாலும் அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் கட்டை சொருகும் நாலு பேர் கையில்தான் இருக்கிறது. அந்தப் பின் கயிற்றைப் பிடித்தவர்தான் அங்கே அந்த ஆள் என்று நினைக்கிறேன். ஆனால் மேடு பள்ளம் இருக்கிற தீவில் எண்பது டன் சிலையை இப்படி நடத்த முடியுமா?

வேங்கைமரம்

அந்தச் சந்தேகம் நியாயமானது. ஜோ ஆன் வான் டில்பர்க் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு சிலையையும் அளந்து பதிவு செய்தவர். நடந்தது என்ற முடிவை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1998இல் மரச்சட்டத்தில் கிடத்தி இழுத்து அதுவும் முடியும் என்று காட்டினார். ஒரே முறைதான் இருந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சிறியதற்கு ஒன்று, பெரியதற்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று என்று இருந்திருக்கலாம். பாரோ என்ற சிலை கிட்டத்தட்ட 10 மீட்டர், எண்பது டன் வரும், அது மேடைமேல் ஏறி நின்றிருக்கிறது.

அதைவிட எனக்கு முக்கியமானது காடு. "மரம் வெட்டிய கதை"யை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளாதீர்கள். தீவு முழுக்க ஒரு பனை வகை இருந்தது, சிலியின் கள் பனைக்கு உறவு. ஏரிகளின் அடிச் சேற்றில் அதன் மகரந்தம் கிடைக்கிறது. மனிதர்கள் வந்து குடியேறியது கி.பி. 1200 வாக்கில் என்பது இப்போது பலரும் ஏற்கும் கணக்கு. அடுத்த சில நூற்றாண்டுகளில் அந்தப் பனையில் ஒன்றுகூட மிச்சமில்லை. காடு போனது உண்மை. அதோடு போன பறவைகளும் உண்மை.

கயல்வேந்தன்

காடு போனதை நான் மறுக்கவில்லை. அதற்கு அடுத்த வரியைத்தான் மறுக்கிறேன். மரம் போனது, அதனால் மக்கள் அழிந்தார்கள் என்ற வரி.

குடியேறியவர்களின் படகில் எலியும் வந்தது. பனங்கொட்டையைத் தின்னும் எலி, அதைப் பிடித்துத் தின்ன ஒரு விலங்கும் இல்லாத தீவு. கொறித்த பற்தடத்தோடு கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. மனிதர்கள் எரித்தும் வெட்டியும் பயிருக்கு இடம் எடுத்தார்கள், எலி புதுக் கன்று முளைக்க விடவில்லை. இரண்டும் சேர்ந்து காட்டை முடித்தன.

அப்புறம் மக்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். காற்று மண்ணைக் காயவைக்கும் தீவில், வயலெங்கும் கல்லைப் பரப்பினார்கள். கல் ஈரத்தைப் பிடித்துவைத்தது, வெயிலின் சூட்டை இரவுக்குச் சேர்த்தது, தேய்ந்து மண்ணுக்குச் சத்தும் கொடுத்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு விளைந்தது. வாழையையும் சேம்பையும் காற்றுப்படாமல் காக்க வட்டமாகக் கல்சுவர் எழுப்பி உள்ளே நட்டார்கள், அதற்கு மனவாய் என்று பெயர். இந்தக் கல்வயல்களைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து 2024இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: அவை ஏறத்தாழ 3,000 பேருக்குச் சோறு போடும். ரோக்கவேன் வந்தபோது பார்த்த மக்கள் தொகையும் ஏறத்தாழ அந்த அளவுதான். அதே 2024இல் பழைய ராப்பா நூயி மக்கள் 15 பேரின் மரபணுவை ஆராய்ந்தார்கள், பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த எலும்புகள். 1600களில் மக்கள் தொகை சரிந்த அடையாளமே அதில் இல்லை. 1860கள் வரை மெதுவாகக் கூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நெய்தல்நிலம்

1860களில் என்ன ஆயிற்று?

கயல்வேந்தன்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

1862 டிசம்பரில் பெருவிலிருந்து ஆள்பிடிக்கும் கப்பல்கள் வந்தன. சில மாதங்களில் ஏறத்தாழ 1,500 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், தீவில் பாதிப் பேர். அரசர், அவர் மகன், பெரியவர்கள், எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். பெருவில் தோட்டங்களிலும் வீட்டு வேலையிலும் விற்றார்கள், பெரும்பாலோர் செத்தார்கள். தாகித்தியின் பிஷப்பும் மற்ற நாடுகளும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு மிஞ்சியவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே பலர் இறந்து, ஊர் வந்து சேர்ந்தவர்கள் பதினைந்து பேர் போல. அவர்களோடு அம்மை நோயும் கரை இறங்கியது. 1877இல் தீவில் எண்ணியபோது 111 பேர்.

111 பேர்! இன்றைய ராப்பா நூயி மக்கள் இவர்களில் ஒரு சிலரின் வழிவந்தவர்கள். அதற்குப் பிறகும் விடவில்லை. தீவையே ஆட்டுப் பண்ணையாக்கி, செம்மறிகள் மேய மக்களை அங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் சுவர் வைத்து அடைத்தார்கள். வில்லியம்சன் பால்ஃபர் நிறுவனத்தின் குத்தகை 1953 வரை நீடித்தது. சிலி நாட்டுக் குடியுரிமை முழுமையாகக் கிடைத்தது 1966இல்தான். இத்தனையும் செய்துவிட்டு "அவர்களே அழித்துக்கொண்டார்கள்" என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வேங்கைமரம்

1862 பற்றி நான் இவ்வளவு அறிந்திருக்கவில்லை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காட்டைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் காட்டின் கதையை மக்களின் கதையாக்கியது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சிலைகள் கவிழ்ந்தது மட்டும் அந்தக் கப்பலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1722இல் நின்றன, 1774இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் வந்தபோது சில விழுந்துகிடந்தன, 1868 வாக்கில் மேடைகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. குலங்களுக்குள் சண்டை என்று மரபுக்கதை சொல்கிறது. வெளியார் கப்பல்கள் நோயையும் குழப்பத்தையும் கொண்டுவந்த அதே காலத்தில் இது நடந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

நெய்தல்நிலம்

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்தத் தீவில் ஓடும் ஆறு கிடையாது. மழை நீர் ஓட்டைப் பாறையில் இறங்கி, கடலோரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. கடல் வற்றும் நேரத்தில் அந்த இடங்களில் குடிக்கக்கூடிய நீர் கிடைக்கும். சிலை மேடைகள் பல அந்த ஊற்றுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று 2019இல் கண்டுபிடித்தார்கள். இராமேசுவரம் பக்கம் கடற்கரை மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். உப்புக்கு நடுவே நல்ல தண்ணீர் வரும் இடம் எது என்று தெரிந்தவர்கள் அங்கேதான் குலதெய்வத்தை வைப்பார்கள்.

தொங்காரிக்கி மேடையில் நிற்கும் 15 சிலைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1960 மே 22இல் சிலியில் வந்த 9.5 அளவு நிலநடுக்கத்தின் அலை கடலைத் தாண்டி வந்து அந்த மேடையை உடைத்துச் சிலைகளை உள்நாட்டுப் பக்கம் அடித்துக்கொண்டு போனது. 2004இல் எங்கள் கரையில் வள்ளங்கள் வீட்டுக்கூரைமேல் கிடந்ததைப் பார்த்தவள் நான், ஆனால் அந்தக் கற்களையும் தூக்கியதென்றால் எப்பேர்ப்பட்ட அலை! 1990களில் ஜப்பான் நிறுவனம் ஒன்று பாரந்தூக்கி கொடுக்க, கிளாவ்தியோ கிறிஸ்தினோ என்ற தொல்லியலாளர் முன்நின்று பதினைந்தையும் திரும்ப நிறுத்தினார்.

ஆழிப்பேரன்

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். மோவாய் என்பதே தமிழ்ச் சொல். முகவாய்க்கட்டை. அந்தச் சிலைகளுக்கு எவ்வளவு பெரிய மோவாய் இருக்கிறது பாருங்கள். அவர்களின் ரொங்கோரொங்கோ எழுத்தும் சிந்துவெளி எழுத்தும் ஒன்றுபோல இருப்பதாக 1932லேயே சொல்லிவிட்டார்கள். நியூசிலாந்தில் தமிழ் மணி கிடைத்திருக்கிறது. குமரிக்கண்டத்தின் கிழக்கு எல்லை அங்கே வரை இருந்திருக்கலாம்.

சுவடி

உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது, பதின்ம வயதில் நானும் இப்படியெல்லாம் நோட்டுப் போட்டு எழுதிவைத்தவன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மோவாய் என்றால் ராப்பா நூயி மொழியில் சிலை, உருவம். அம்மொழி ஹவாய், தாகித்தி, மாவோரி மொழிகளின் உடன்பிறப்பு. நம் சொல்லோடு ஒலி ஒத்தது தற்செயல். 1932இல் சிந்துவெளியோடு ஒப்பிட்டவர் ஹெவேசி என்ற ஆய்வாளர். சிந்துவெளி எழுத்து கி.மு. 1900 வாக்கில் வழக்கொழிந்தது. ராப்பா நூயியில் மனிதர் கால் வைத்ததே அதற்கு மூவாயிரம் வருடம் கழித்து. இடையில் பாதி உலகம் இருக்கிறது, வழியில் எங்கும் அந்த எழுத்தின் தடம் இல்லை. ரொங்கோரொங்கோவின் அழகு வேறிடத்தில் இருக்கிறது: ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பினால்தான் அடுத்த வரியை வாசிக்க முடியும். மிஞ்சிய பலகைகள் இரண்டு டஜன் சொச்சம், ஒன்றுகூடத் தீவில் இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்களை எந்தக் கப்பல் கொண்டுபோனது என்று மேலே கயல்வேந்தன் எழுதியிருக்கிறார்.

தமிழ் மணி உண்மை. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் மாவோரி மக்களிடம் கண்டது, அவர்கள் அதில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்று எழுதியிருக்கிறது. இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு முஸ்லிம் தமிழ்க் கப்பல்காரரின் மணி நியூசிலாந்து போனது பெருமைதான். அதை வைத்து ராப்பா நூயிச் சிலைகளை நம்முடையவை என்று சொன்னால், அந்த 111 பேரின் பிள்ளைகளிடமிருந்து இன்னொரு தடவை பிடுங்குவதாக ஆகும்.

ஆழிப்பேரன்

கடைசி வரி உறைத்தது. மணி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

வெம்பிளிவாசி

பிடுங்குவது என்றதும் எழுதத் தோன்றியது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு மோவாய் இருக்கிறது, ஹோவா ஹகனனாய்யா. 1868இல் டோபேஸ் என்ற கடற்படைக் கப்பல் தீவில் ஓரோங்கோ என்ற இடத்திலிருந்து எடுத்துவந்து விக்டோரியா ராணிக்குக் கொடுத்தது. அது சாம்பல் கல் இல்லை, கருத்த எரிமலைக் கல், 2.42 மீட்டர், நாலு டன். முதுகுப் பக்கம் போய்ப் பாருங்கள், பறவை மனிதர்களைச் செதுக்கியிருப்பார்கள். சிலை செய்யும் காலம் ஓய்ந்தபின் வந்த வழிபாடு அது. மோட்டு நூயி என்ற சிறு தீவுக்கு நீந்திப்போய்க் கடற்பறவையின் முதல் முட்டையை உடையாமல் கொண்டுவருபவரின் தலைவர் அந்த ஆண்டின் பறவை மனிதர்.

2018இல் தீவிலிருந்து ஒரு குழு லண்டன் வந்து சிலையைத் திருப்பிக் கேட்டது. ஆளுநர் தரிதா அலார்கோன் ராப்பு, எங்கள் ஆன்மா உங்களிடம் இருக்கிறது என்று அழுதபடி சொன்னார். இன்னும் தரவில்லை. 1870இல் சிலிக்குக் கொண்டுபோன மோவாய் தாவு என்ற சிலை 2022இல் சாந்தியாகோவிலிருந்து கிளம்பிக் கப்பலேறி ஊர் திரும்பியது, அதனால் நம்பிக்கை இருக்கிறது.

இளவேனில்

எல்லாருக்கும் நன்றி. ஐந்து நிமிடத்தில் முடியாது என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள். கிழவியின் சிங்கி இறாலையும் 111 என்ற எண்ணையும் கட்டாயம் சொல்வாளாம். அவளுக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி. குவாரியில் இருக்கிற சிலைகளுக்கு ஏன் கண் இல்லை?

உளிச்சத்தம்

பாப்பா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த இழையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயில் சிலைக்கு நாங்கள் எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கண் திறப்போம். அதற்கு நாள் பார்த்து, தங்க ஊசி எடுத்து, பூசை செய்து. அதுவரை அது கல். ராப்பா நூயியிலும் சிலை மேடைக்கு வந்து நின்ற பிறகுதான் கண்குழி வெட்டினார்கள். குவாரியில் இருப்பவை, வழியில் விழுந்தவை ஒன்றுக்கும் குழி கிடையாது. மேடையில் நின்றதும் குழியில் வெள்ளைப் பவளத்தால் கண் வைத்து, நடுவில் சிவப்புக் கல்லாலோ கருங்கண்ணாடிக் கல்லாலோ கண்மணி வைப்பார்கள். அப்போதுதான் முன்னோர் சிலைக்குள் வருவார்கள். அவர்களும் நாங்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஆனால் கல்லைத் தொட்டு வேலை செய்கிறவனுக்கு ஏன் இப்படித் தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

1978வரை யாரும் முழுக் கண்ணைப் பார்க்கவில்லை. குழி காலியாக இருந்தது, அப்படியே செய்ததாக நினைத்தார்கள். அந்த வருடம் அனகேனா கடற்கரையில் தோண்டியபோது மண்ணுக்கடியில் உடைந்த பவளத் துண்டுகள் கிடைத்தன. எடுத்தவர் சோனியா ஹாவோவா, ராப்பா நூயிப் பெண். துண்டுகளைச் சேர்த்தார்கள், கண்குழிக்குச் சரியாகப் பொருந்தியது. அங்கா ரோவா அருங்காட்சியகத்தில் இப்போது அது இருக்கிறது.